இந்தப் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பெட்டியை வாங்கிக் கொடுத்தவர் ஒரு நாட்டில் இருப்பார், அது ஓடவில்லை என்று தவிப்பவர் இன்னொரு நாட்டில் இருப்பார், நடுவில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நான் நிற்பேன்.

என் ஊர் பட்டுக்கோட்டை. ஒரு மொபெட், ஒரு தோள்பை, பை நிறைய சி.டி.க்கள், இவ்வளவுதான் என் கம்பெனி. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் வீட்டுக்கு டி.வி. அனுப்பியது போய்க் கம்ப்யூட்டர் அனுப்ப ஆரம்பித்திருந்த வருடங்கள் அவை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது ஓ.எஸ். வரும். கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். புதுசு வந்ததும் பழைய புரோகிராம் எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் அந்த அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறக் கட்டம், சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, இந்தப் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பட்டன். எனக்கு ஓகே இல்லை என்று சொல்வதற்கு அதில் வழியே கிடையாது. அந்தக் கட்டத்தின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த எல்லாரும் எனக்கு ஒரு வகையில் சொந்தக்காரர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பதினாலு ஓகே

சரோஜா அம்மாவின் கணவருக்குத் தேங்காய் மண்டி. காலையில் போனால் மதியம் சாப்பிட வருவார், மறுபடி போவார். மகன்கள் இரண்டு பேரும் சிங்கப்பூர். அவர்கள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் யாரோ புது ஓ.எஸ். போட்டுவிட்டார்கள். பையன்கள் என்றைக்கோ ஏற்றி வைத்த விளையாட்டு, பாட்டு, டைப்பிங் புரோகிராம் எல்லாம் அதற்கு ஒத்துவராமல், பெட்டியைப் போட்டதும் வரிசையாகப் பதினாலு அறிவிப்பு வரும். அந்த அம்மா ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து, ஓகே அமுக்கி, பதினாலும் முடிந்த பிறகு பையன்களின் போட்டோக்களைப் பார்ப்பார். எட்டு மாதமாக அப்படி. அதைத் தற்செயலாகப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்தான் என்னைக் கூப்பிட்டது.

இருபது நிமிட வேலை. பதினாலையும் சுத்தமாக எடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் சரோஜா அம்மாவே போன் செய்தார். “தம்பி, அது வரமாட்டேங்குது.” பெட்டிதான் ஆன் ஆகவில்லை என்று நினைத்து ஓடினேன். பெட்டி நன்றாகத்தான் ஓடியது. அவர் சொன்னது அந்தக் கட்டங்களை. அதெல்லாம் கோளாறும்மா, போனது நல்லதுதான் என்றேன். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் சொன்னார்: “இந்த வீட்ல ஒண்ணு செய்றதுக்கு முன்னாடி என்னைய ‘சரியா’ன்னு கேட்டது அது ஒண்ணுதான் தம்பி. பதினாலும் வேணாம், ஒரு நாலஞ்சாவது திரும்ப வச்சுக் குடுங்க.”

வணக்கம் சொல்கிற புரோகிராம்

ஒரத்தநாட்டில் ஒரு ஜோசியர். மனைவி இல்லை. ஒரே மகன் கல்லூரியில் படிக்கும்போது அப்பாவுக்காக ஒரு ஜாதகப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிற காலத்துப் புரோகிராம். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம் வந்துவிடும். பழைய பெட்டி ஒரு மழை நாளில் இடி விழுந்து போனது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது. அமெரிக்காவிலிருந்த மகன் நண்பன் மூலமாகப் புதுப் பெட்டி அனுப்பிவிட்டான். அதில் மகன் எழுதிய புரோகிராம் ஓடவில்லை.

நான் என் வழக்கப்படி, சந்தையில் கிடைக்கிற ஜாதகப் புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தமிழ் எழுத்து, கலர் கட்டம், கூடவே பலன்களும். அவர் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்றார். அடுத்த வாரம் போனபோது கீபோர்டின் மேல் போட்ட துணி போட்டபடியே கிடந்தது. பழசையே எப்படியாவது ஓட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

புது ஓ.எஸ்.ஸுக்குள் பழைய ஓ.எஸ். போலவே நடிக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று உண்டு. அதைத் தேடிப் போட்டு மகன் எழுதியதை ஓட விட்டேன். திரை கறுப்பானது. பிறகு இங்கிலீஷ் எழுத்தில் ‘வணக்கம் அப்பா, உட்காருங்க’ என்று வந்தது. அதுவரை என் பின்னால் நின்றுகொண்டிருந்தவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். சோதிப்பதற்காக எங்கள் தெருக் குழந்தை ஒன்றின் தேதியைப் போட்டேன். பையன் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் வைத்திருந்தான். இரண்டாயிரத்து ஒன்றில் பிறந்த குழந்தைக்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று என்று எடுத்துக்கொண்டு நூறு வயதுக் கிழவிக்கு ஜாதகம் கணித்தது. உங்க மகன்கிட்ட சொன்னா ஒரு நாள்ல மாத்திக் குடுத்துடுவாருங்க, போன் பண்ணிப் பாருங்க என்றேன். அவர் போனைப் பார்த்தார், எடுக்கவில்லை. “அவன் வேலையா இருப்பான். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு நான் பஞ்சாங்கத்தப் பாத்துக் கையால எழுதிக்கிறேன் தம்பி. அது வணக்கம் சொல்றதுல மட்டும் நீங்க கைய வச்சிடாதீங்க.”

படம் வராத கட்டம்

அதிராம்பட்டினத்தில் ஜமீலா அம்மாவின் மகன் ரியாஸ் சவூதிக்குப் போய் ஐந்து வருடம். ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர், தனி ரூம், ஏ.சி. என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லுவார். வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் பேசுவார்கள். குரல் வரும், படம் வராது. படம் வர வேண்டிய கட்டம் கறுப்பாகவே இருக்கும். பழைய சாட் புரோகிராமின் வீடியோ இந்தப் புது ஓ.எஸ்.ஸில் வேலை செய்யாது, மகனும் அதையேதான் சொன்னானாம். பெருநாளைக்காவது மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

இரண்டு நாள் அலைந்து சரியான வெர்ஷனைப் பிடித்துவிட்டேன். போட்டு முடித்தபோது அந்த அம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். ஓடுகிறதா என்று பார்க்க நானே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. மூன்று அடுக்குக் கட்டில்கள், கயிறு முழுக்கக் காயப்போட்ட கைலிகள், கீழே உட்கார்ந்து சாப்பிடுகிற ஏழெட்டுப் பேர், முன்னால் துப்புரவுக் கம்பெனிச் சட்டையில், கன்னம் ஒட்டிப்போன ஒருவர். என்னைப் பார்த்ததும் கட் செய்துவிட்டார். அடுத்த நிமிடம் என் செல்போன் அடித்தது. ஜமீலா அம்மா என் நம்பரை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்.

“அண்ணே, உம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்ல, தொழுதுட்டு இருக்காங்க.”

“பாத்துட்டீங்கள்ல. நான் என்னன்னு சொல்றது. இந்த வருஷம் மட்டும் படம் வேணாண்ணே. அடுத்த வருஷம் ரூம் மாறிடுவேன்.”

வீடியோவை நிறுத்தி வைத்தேன். இத்தனை வருடத்தில், சரியான ஒன்றை நானே சரியில்லாமல் ஆக்கியது அந்த ஒருமுறைதான். ஜமீலா அம்மா வந்ததும், இந்த மாடலுக்குப் படம் செட் ஆகாதும்மா, குரல் மட்டும் இன்னும் நல்லாக் கேக்கும் என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். டீயும் சமோசாவும் வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார்: “அவனும் அப்படித்தான் சொல்றான், நீங்களும் அப்படியே சொல்றீங்க. சரி, இருக்கட்டும். ரொம்ப மெலிஞ்சுட்டானா தம்பி, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

வைரஸ்

மாணிக்கம் என்பவரின் வீடு ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே ஒரு கிராமத்தில். அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி. இவர் காலத்தில் குத்தகைக்கு எடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாக வாங்கியவர். மகள் கவிதா அந்தத் தெருவின் முதல் இன்ஜினியர். லண்டனில் வேலை கிடைத்துப் போய் நான்கு வருடம். அவள் படித்த கம்ப்யூட்டரில் இவர் சாயங்காலம் சீட்டாட்டம் ஆடுவார். அது மெதுவாகிவிட்டது, வேண்டாததை அழித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நடவு முடிந்திருந்த சமயம். காலில் சேறு காய்ந்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்டி, வேணுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ‘அப்பா’ என்று இங்கிலீஷில் பெயர் வைத்த ஒன்று வந்தது. “அது வைரஸு தம்பி, அழிச்சிடுங்க” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “கவிதா ஊருக்குப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி, சீட்டாட்டம் பக்கத்துல ஒண்ணு வச்சிருக்கேன் பாருங்கப்பான்னு சொல்லுச்சு. மறுநாள் என் மச்சான் மகன் வந்து என்னமோ புதுசாப் போட்டான். அப்பறம் தொறந்து பாத்தா ஒரே கன்னாபின்னான்னு எழுத்து. வைரஸ் மாமா, தொடாதீங்கன்னான். புள்ள பெட்டி அடுக்கிட்டு இருந்துச்சு, அதப் போயி தொந்தரவு பண்ணுவானேன்னு விட்டுட்டேன்.”

திறந்தேன். முதல் வரியிலேயே mg;gh என்று இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய தமிழ் ஃபான்ட் ஒன்றில் டைப் செய்தால், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் இப்படித்தான் குப்பையாகத் தெரியும். mg;gh என்றால் அப்பா. மச்சான் மகன் புது ஓ.எஸ். போட்டபோது ஃபைல் தங்கிவிட்டது, ஃபான்ட் போய்விட்டது. என் சி.டி. ஒன்றில் அந்த ஃபான்ட் இருந்தது. ஏற்றி, எழுத்தை மாற்றியதும் திரை முழுக்கத் தமிழ் வந்தது. இது வைரஸ் இல்லீங்க, உங்களுக்கு வந்த லெட்டர் என்றேன். நீங்களே படிங்க, கண்ணாடி வயல்ல கெடக்கு என்றார். இன்னொருவர் கடிதத்தைப் படிக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. படித்தேன்.

‘அப்பா, விசா வந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நேரில் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குப் போகப் பயமாக இருக்கிறது. நீங்கள் இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன். தஞ்சாவூரிலேயே ஏதாவது வேலை கிடைக்கும். புதன்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் போகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.’

“புதன்கிழமை சாயங்காலம் எங்கூடவே வயலுக்கு வந்துச்சு” என்றார் மாணிக்கம். “வரப்புலயே உக்காந்திருந்துச்சு. போகணும்னு ஆசப்படுற புள்ள, நம்ம மூஞ்சியக் காட்டிக் கெடுக்கக் கூடாதுன்னு நான் தண்ணி கட்டிக்கிட்டே இருந்தேன்.” கவிதா இப்போதெல்லாம் போனில் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாளாம். அப்பாகிட்டயும் பேசுறியா என்று அம்மா கேட்டால், நல்லா இருக்காருல்ல என்று முடித்துவிடுவாளாம். நான் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர்தான் கேட்டார்: “இத இப்பதான் படிச்சேன்னு அவகிட்ட சொல்லணுமா, சொல்லாம விட்றணுமா? நீங்க சொல்லுங்க தம்பி, படிச்சவரு நீங்கதான்.”

மூன்று வெள்ளிக்கிழமை

மாணிக்கத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். மகளிடம் சொல்லிவிட்டாராம். அப்படி ஒரு லெட்டர் எழுதிய ஞாபகமே இல்லை என்று அவள் சொன்னாளாம். அவர் அதை நம்பினாரா என்று தெரியாது. நான் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அவரோடு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள்.

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி அமலா வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண், நர்ஸ். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துப் போனாள். எங்கள் பக்கம் ஆண்கள்தான் போவார்கள், பெண்கள் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நான் காத்திருந்தேன். அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நம் நேரத்துக்கு மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் வருவாள். வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக அவள் பெயர் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். என்னுடைய பெட்டி, வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பாகங்களை வைத்து நானே சேர்த்தது. பட்டுக்கோட்டையிலேயே பழைய கம்ப்யூட்டர் அதுவாகத்தான் இருக்கும். சாட் புரோகிராம் ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வெர்ஷன் நிற்கப்போகிறது, புதுசு போடு என்று. புதுசு என் பெட்டியில் ஓடாது. பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி மூடி வைத்தேன். ஊரில் எல்லாருக்கும் சொல்கிற புத்தியை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

பொங்கல் சமயத்தில் அது நின்றே போனது. லீவில் வந்திருந்தவர்கள் வீட்டிலெல்லாம் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமையும் வெளியில்தான். அமலா செல்போனில் கூப்பிட்டாள். வெளிநாட்டுக் கால், இரண்டு நிமிடம்தான். பெட்டி ரிப்பேர் என்றேன். உங்க பெட்டியேவா என்று சிரித்தாள். அடுத்த வாரம் சரி பண்ணிடறேன் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்று வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. நான்காவது வாரம் வேறு மதர்போர்டு கிடைத்து, ராப்பகலாக உட்காரத் தேவையே இல்லாமல், ஒரே காலையில் முடித்துவிட்டேன். அவ்வளவு சின்ன வேலை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. முதலில் ஊர் சமாச்சாரம் பேசினோம். பிறகு சொன்னாள், கான்ட்ராக்ட் முடிகிறதென்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், புதன்கிழமை கடைசி நாள், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. இந்த வருடத்தோடு வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் பின்பக்கத்து அறையையும் சேர்த்துக் கேட்டு வைத்திருந்தேன். அதையும் அவளிடம் சொன்னதில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். போன்ல ரெண்டு நிமிஷத்துல கேக்குற விஷயமா அது என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மேஜையில் எதையோ நகர்த்தி வைத்துவிட்டு, கேமராவைப் பார்க்காமல் சொன்னாள்: “கேக்கணும்னுதாங்க மூணு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். உங்க பேரு பக்கத்துல பச்சை விளக்கு எரியவே இல்ல.”

ஆகவே, என்னோடு அவஸ்தைப்படுகிறவர்களே, ஊரில் யாருடைய பெட்டி படுத்தாலும் வாரத்தில் ஆறு நாள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், அவரும் நேரில் வர இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இருக்கிறது.